ஹிம்லரின் மசாஜ் வைத்தியர் கெர்ஸ்டன்: எதை நம்பலாம், எதை விடலாம்?

வாசகன்73 கேட்டது:
நாஜி ஜெர்மனியின் வதைமுகாம்களை நடத்திய எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லரின் வயிற்றுவலிக்கு மசாஜ் செய்த ஃபெலிக்ஸ் கெர்ஸ்டன் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றினார் என்கிறார்கள் சிலர். அத்தனையும் புளுகு என்கிறார்கள் வேறு சிலர். பதவி எதுவும் இல்லாத ஒருவர் எஸ்.எஸ். தலைவரிடம் கைதிகளுக்கு விடுதலை வாங்கியது எப்படி? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதேடி:
வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹிம்லருக்குக் கடுமையான வயிற்றுப் பிடிப்பு வரும், மருந்துக்கு அடங்காது. 1939 மார்ச்சில் கெர்ஸ்டன் முதன்முதலாகக் கை வைத்தார், வலி விட்டது. அன்றிலிருந்து அந்த ஆள் இல்லாமல் ஹிம்லரால் முடியவில்லை. நோயாளி கட்டிலில் கிடக்கும் அந்த நேரத்தில் அருகில் துணைத் தளபதிகள் இல்லை, கோப்பும் இல்லை. கெர்ஸ்டன் கூலிக்குப் பதிலாகக் கைதிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களின் விடுதலையைக் கேட்டார்.

ஆனால் வாய்வார்த்தை முகாம் வாசலில் செல்லாது. எழுத்தில் உத்தரவு வேண்டும், அது ஹிம்லரின் தனிச் செயலர் ருடால்ஃப் பிராண்ட் மேசை வழியாகத்தான் போகும். பிராண்ட் இவருக்கு அனுசரணையாக இருந்தார். அதற்காக அவரை நல்லவர் என்று எழுதிவிடாதீர்கள். முகாம் கைதிகள் மீது நடந்த மருத்துவக் கொடுமைகளில் பங்கு இருந்ததற்காக நியூரம்பர்க்கில் தண்டனை பெற்று 1948-இல் தூக்கிலிடப்பட்டவர் அவர்.

உளவுத்துறைத் தலைவர் ஷெல்லன்பெர்க்கும் இதற்கு ஒத்துழைத்தார். ஹிம்லருக்குக் கீழே பாதுகாப்புத் தலைமையகத்தை நடத்திய கால்டன்ப்ரூன்னர் எதிர்த்தார். ஒரு கோரிக்கை பலிக்குமா என்பது பெரும்பாலும் இந்த இருவரில் யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தது.

வடகடல்:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: காரியம் கெட்டது பெரும்பாலும் விளம்பரத்தால்தான். 1945 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் முன்னாள் அதிபர் மூஸி ஹிம்லரிடம் பேசி, தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து 1,200 யூதர்களை ரயிலில் கொண்டுபோனார். செய்தி சுவிஸ் பத்திரிகைகளில் வந்தது, ஹிட்லர் காதுக்கும் போனது. அடுத்த ரயில் வரவே இல்லை. அதன் பிறகு ஹிம்லர் எதற்குச் சம்மதித்தாலும் "வெளியே தெரியக்கூடாது" என்பதுதான் முதல் நிபந்தனை.

மசூர் சந்திப்பைப் பாருங்கள். உலக யூத காங்கிரஸின் ஸ்வீடன் கிளையைச் சேர்ந்த நோர்பர்ட் மசூர், ஏப்ரல் 19 அன்று கெர்ஸ்டனோடு பெர்லின் டெம்பல்ஹோஃபில் வந்திறங்கினார். பெர்லினுக்கு வடக்கே ஹார்ட்ஸ்வால்டேயில் கெர்ஸ்டனின் பண்ணை வீடு, அங்கே காத்திருந்தார்கள். ஹிட்லரின் பிறந்தநாள் முடிந்து, 21-ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணி வாக்கில் ஹிம்லர் வந்தார். லட்சக்கணக்கானோரைக் கொன்றவனோடு ஒரு யூதர் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருந்தது. மசூரின் அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ராவென்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து 1,000 யூதப் பெண்களை விட ஒப்புதல் கிடைத்தது.

ஏடுதேடி:
சரி, எதை விடுவது? மூன்று இடங்களில் கவனம்.

ஹாலந்து மக்கள் முழுவதையும் கிழக்கே நாடுகடத்தும் திட்டத்தைத் தடுத்தேன் என்று கெர்ஸ்டன் சொன்னதை எழுதவே வேண்டாம். டச்சு வரலாற்றாளர் லூ டி யோங் 1972-இல் அப்படி ஒரு திட்டமே இருக்கவில்லை என்று காட்டிவிட்டார். சோகம் என்னவென்றால், 1950-இல் ஹாலந்து அவருக்கு உயரிய விருதும் கொடுத்துவிட்டது.

1945 மார்ச் 10 தேதியிட்டு, ஸ்வீடன் செஞ்சிலுவை சார்பில் ஹிம்லரிடம் பேசிய பெர்னடோட் அவருக்கு எழுதியதாக உலவும் யூத விரோதக் கடிதம் போலி. கெர்ஸ்டனின் தட்டச்சுப்பொறியில் அடித்தது என்பது பிற்காலச் சோதனையின் முடிவு. 1948-இல் ஜெருசலேமில் கொலையுண்ட மனிதர் மீது, பதில் சொல்ல முடியாத நிலையில் சுமத்திய பழி அது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1945 மார்ச் 12-இல் ஹிம்லர் கெர்ஸ்டனோடு செய்த உடன்படிக்கை: முகாம்களைத் தகர்ப்பதில்லை, வெள்ளைக்கொடியோடு ஒப்படைப்பது, யூதர்களை இனிக் கொல்வதில்லை. இதைக் காட்டி, எல்லா முகாம்களையும் இவரே காத்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. ஏப்ரலில் புச்சென்வால்ட் முகாமிலிருந்து ஆயிரக்கணக்கானோரை நடத்தியே சாகடித்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

1942-இல் வார்சாவில் கைதான ஸ்வீடன்காரர்கள் ஏழு பேர் விவகாரத்தில் மட்டும் தயங்க வேண்டாம். நால்வருக்கு மரண தண்டனை விதித்தும் நிறைவேறவில்லை. அதில் கெர்ஸ்டன் கை உண்டு.

வாசகன்73:
மிக்க நன்றி. அப்படியென்றால் வெள்ளைப் பேருந்துகளில் வந்தவர்களைக் கெர்ஸ்டன் கணக்கில் சேர்க்கலாமா?

வடகடல்:
மொத்தமாகச் சேர்க்காதீர்கள். ஏறத்தாழ 15,000 பேர் ஸ்வீடன் செஞ்சிலுவையின் வெள்ளைப் பேருந்துகளிலும் அதையொட்டி ரயிலிலும் வந்தார்கள். அதில் பெர்னடோட்டின் பேச்சுவார்த்தை, நார்வே, டென்மார்க் அதிகாரிகளின் முன்வேலை, ஓட்டுநர்களின் துணிச்சல் எல்லாம் உண்டு. விமானங்கள் குறிவைக்காமலிருக்க வெள்ளை பூசியிருந்தும் தாக்குதலில் செத்தவர்கள் இருந்தார்கள். ஒரு கசப்பும் உண்டு: நொய்யன்காமே முகாமில் ஸ்காண்டிநேவியர்களுக்கு இடம் ஒழிக்க, மார்ச் கடைசியில் அதே பேருந்துகள் சுமார் 2,000 நோயாளிக் கைதிகளை வேறு முகாம்களுக்கு ஏற்றிப்போயின.

ராவென்ஸ்ப்ரூக்கிலிருந்து கடைசியில் சுமார் 7,000 பெண்கள் வெளியேறினார்கள். மசூருக்குக் கொடுத்த வாக்கில் "யூதர்" என்று எழுதக்கூடாது, "போலந்துக்காரர்" என்றுதான் எழுத வேண்டும் என்பது ஹிம்லர் போட்ட நிபந்தனை. ஆகவே பட்டியலில் போலந்துப் பெண்கள் என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு எண்ணினால், யார் பெயரால் அந்தப் பேரம் நடந்ததோ அவர்களே கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.