பழைய ஜப்பான் தகரக் கார்: மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை

கூடுதுறைவாசி (பவானி)

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா சிறுவயதில் ஓட்டி விளையாடிய, ஒரு சாண் நீளமுள்ள தகரக் கார் ஒன்று இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அடித்தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று அச்சிட்டிருக்கிறது. டார்ச் லைட்டில் போடும் பெரிய செல் இரண்டில் ஓடக்கூடியது. பல ஆண்டுகள் செல்லைக் கழற்றாமல் விட்டதால் அது கசிந்து, ஸ்பிரிங்கையும் முனைத்தகட்டையும் அரித்துவிட்டது. மோட்டாருக்கு நேரடியாக 3 வோல்ட் கொடுத்தால் சில சமயம் உடனே சுற்றுகிறது, சில சமயம் விரலால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. சுற்றும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் பக்கம் பொறியும் அதிகமாகத் தெரிகிறது. அப்படிச் சுற்றினாலும் சக்கரம் நகர்வதில்லை, ஏனென்றால் மோட்டார் அச்சிலுள்ள பினியன் என்ற சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்துபோய் வெறுமனே வழுக்குகிறது.

இதை ஓடவைத்து, முகப்பு விளக்கு எரியும்படி செய்து, பெயிண்ட் உதிர்ந்த இடங்களை மறுபடி அடித்து, பெரியப்பா கையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய மோட்டாரைத் தூரப்போட்டுவிட்டுப் புது மோட்டார் மாட்டிக்கொள்ளும்படி ஈரோட்டில் ஒரு கடையில் சொன்னார்கள். அதுதான் சரியான வழியா? பினியன் எங்கே கிடைக்கும், எந்த அளவில் கேட்க வேண்டும்?

பல்சக்கரம் (கணபதி, கோவை)

தம்பி, பினியனைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மோட்டாரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பழைய பொம்மைகளில் பினியன் பிளப்பது மிகவும் சாதாரணம். அச்சைவிடச் சற்றே சிறிய துளையில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அந்த இறுக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும் பிளாஸ்டிக், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பள்ளத்தில்தான் முதலில் விடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கீறல் ஒரு பள்ளத்தின் அடியிலிருந்து துளை வரை நேர்கோடாகத் தெரியும். கீறல் விரிந்த இடத்தில் இரண்டு பல்லுக்கு இடைவெளி கூடிவிடுவதால், பசை போட்டு ஒட்டினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் இடறும். ஆகவே மாற்றுவதுதான் வழி.

பிளந்த பினியனை அளக்காதீர்கள். அதன் விட்டம் இப்போது பொய் சொல்லும். அது கடிக்கும் பெரிய பல்சக்கரத்தை வெர்னியரில் அளந்து, பற்களை எண்ணுங்கள். வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைக் குறிக்கும் எண், கிடைக்கும். பிறகு பினியனின் பற்களை எண்ணிச் சொல்லுங்கள். மாட்யூல் 0.5 என்று வந்தால் கவலையே வேண்டாம், பொம்மை மோட்டார்களுக்கான பினியன் அந்த அளவில் தாராளமாகக் கிடைக்கிறது. வேறு அளவு வந்தால் பித்தளையில் வெட்டித் தருவதற்குக் கோவையில் ஆள் இருக்கிறார்கள், ஆனால் ஒற்றை உருப்படிக்குக் கூலி சற்று அதிகமாகும்.

புதுப் பினியனை ஏற்றும்போது சுத்தியலால் தட்டக் கூடாது. அச்சின் மறுமுனைக்கு முட்டுக் கொடுத்து, வைஸில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். இல்லையென்றால் அந்த அடி முழுவதும் மோட்டாரின் பின்மூடியில் விழும். மோட்டாரைத் திரும்பப் பொருத்தும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் ஒரு கீற்றுச் செய்தித்தாளை விட்டு, பல்லோடு பல் அழுந்தும்படி வைத்து ஸ்குரூவை முடுக்கிவிட்டுத் தாளை உருவி எடுத்துவிடுங்கள். பற்களுக்கிடையே தேவையான இடைவெளி தானாக அமைந்துவிடும்.

வெள்ளை ஆயில் (திருப்பூர்)

மோட்டாரைத் தூரப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும், அதாவது தள்ளிவிட்டால் கிளம்புவதும் பொறி பறப்பதும், தேய்ந்துபோன மோட்டாரைக் காட்டவில்லை. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் ஒரே ஓர் இடத்தில் தொடர்பு அறுந்திருப்பதைக் காட்டுகின்றன. இந்த வகை மோட்டாரில் மூன்று காயில் (கம்பிச்சுருள்), பிரஷ் உரசும் வளையமான கம்யூட்டேட்டரில் மூன்று துண்டு. மல்டிமீட்டரில் துண்டுகளை இரண்டிரண்டாக, மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே அளவு காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது, அழுக்குதான் காரணம். ஒரு ஜோடி மட்டும் மற்ற இரண்டைப் போல இருமடங்கு காட்டினால், அந்த ஜோடிக்கு நடுவிலுள்ள காயில் அறுந்திருக்கிறது. இவை ஒன்றிரண்டு ஓம் அளவிலான எண்கள் என்பதால், மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆர்மேச்சரை வெளியே எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அக்காலத்துச் சில மோட்டார்களில் அல்நிக்கோ காந்தம் இருக்கும். நடுவிலுள்ள இரும்பை உருவிவிட்டு அதை வெறுமனே வைத்தால் காந்தத்தின் வலு குறைந்துவிடும். ஆகவே ஆர்மேச்சரை இழுக்கும்போதே, அது இருந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டை நுழைத்துவிடுங்கள். கம்யூட்டேட்டரை ஆயிரம் நம்பர் எமரித்தாளால் லேசாகத் துடைத்து, துண்டுகளுக்கு இடையிலுள்ள காடியில் அடைந்திருக்கும் கரித்தூளைப் பல்குத்தியால் எடுத்துவிடுங்கள். தையல் மிஷினுக்குப் போடும் வெள்ளை ஆயிலை அச்சைத் தாங்கும் இரண்டு புஷ்களிலும் ஊசிமுனையால் ஒரு பொட்டு வைத்தால் போதும். கம்யூட்டேட்டரில் ஆயில் படவே கூடாது.

செல் கசிவுக்கு ஒரே மருந்து கிடையாது. பழைய துத்தநாக-கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது, அதைச் சமையல் சோடா கரைத்த நீரில் துடைக்க வேண்டும். ஆல்கலைன் செல்லில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரித்துப்போன முனைத்தகட்டுக்குப் பதிலாக மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் தகட்டை வெட்டி வைக்கலாம். பித்தளையைவிட அதற்கு வில்தன்மை அதிகம்.

புது மோட்டார்தான் வேண்டும் என்றால் கடையில் ‘130 மோட்டார்’ என்று கேட்பது வழக்கம். 20-க்கு 15 மில்லிமீட்டர் முகம், 25 மில்லிமீட்டர் நீள உடல், 2 மில்லிமீட்டர் அச்சு. ஆனால் அதன் வேகம் மிக அதிகம். தகரத்தில் செய்த பழைய பல்சக்கரங்கள் அதைத் தாங்குமா என்பது எனக்கு ஐயம்தான். சக்கரம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும் வகைகளும் உண்டு. பழைய சுவிட்சு அந்த மின்னோட்டத்துக்கானது அல்ல.

கூடுதுறைவாசி (பவானி)

இருவருக்கும் மிக்க நன்றி, அண்ணா. பெரிய பல்சக்கரம் 36 பல், வெளிவிட்டம் 19 மில்லிமீட்டர்; பினியன் 10 பல். காயில் அளவு இரண்டு ஜோடிகளில் 1.2 ஓம், ஒரு ஜோடியில் 2.4 ஓம். அடுத்து மேல்கூட்டைக் கழற்றி பெயிண்ட் வேலையைத் தொடங்கலாமா?

பல்சக்கரம் (கணபதி, கோவை)

19-ஐ 38-ஆல் வகுத்தால் 0.5. கடையிலேயே கிடைக்கும். 10 பல், 0.5 மாட்யூல், 2 மில்லிமீட்டர் அச்சுக்கு இறுக்கமாக ஏறுவது என்று கேளுங்கள். வாங்கும் முன் பழைய அச்சின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

வெள்ளை ஆயில் (திருப்பூர்)

நினைத்தபடி ஒரு காயில்தான் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கம்பி நடுவில் அறுவதில்லை. கம்யூட்டேட்டரின் கொக்கியில் ஈயம் வைத்த (சால்டர் செய்த) இடத்தில்தான் விட்டிருக்கும். அங்கே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பி மேலுள்ள எனாமல் பூச்சைச் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தால், மூன்று ஜோடிகளும் 0.8 ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் காயில் கட்டக் கொடுங்கள். 1937-இல் ஜி.டி. நாயுடு உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. பம்புசெட்டுக்குக் காயில் கட்டும் பட்டறை இல்லாத பகுதியை அங்கே தேட வேண்டியிருக்கும். இவ்வளவு சிறியதைக் கட்டப் பொறுமையுள்ளவர் வேண்டும், அவ்வளவுதான். பழைய கம்பியின் சுற்று எண்ணிக்கையையும் கேஜையும் (தடிமனையும்) குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

தகரப்பெட்டி (கோபிசெட்டிபாளையம்)

பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கார்களில் பலவற்றில் காண்பது அடித்த பெயிண்ட் அல்ல. தட்டையான தகரத்தின் மேல் லித்தோ முறையில் அச்சிட்டு, பிறகு வார்ப்பில் (டை) அழுத்தி வடிவமாக்கியிருப்பார்கள். கண்ணாடியும் இருக்கையும் கைப்பிடியும் எல்லாம் அச்சுதான். அதன் மேல் ஸ்பிரே அடித்தால் அந்த வரைவு போனது போனதுதான், எந்த உதிரிபாகம் வாங்கியும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தின்னரும் பெட்ரோலும் பக்கத்திலேயே வரக் கூடாது. மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்த்தி, மெல்லிய மெழுகு தடவினால் நிறம் மீண்டு தெரியும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அக்காலத்து வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அதே காரணத்தால் குழந்தைகள் கையில் கொடுக்காமல் பெரியவர் கையில் கொடுப்பது நல்லது.

அடித்தகட்டில் ‘ஆக்குபைட்’ (போருக்குப் பின் அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான்) என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டதாக இருக்கும். இல்லையென்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

மேல்கூட்டைப் பிடித்திருப்பவை சிறு நாக்குகள். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அவை பலம் இழக்கின்றன. குறடால் முறுக்காமல், தட்டையான ஸ்குரூடிரைவரை அடியில் விட்டு, துளை வழியே வெளிவரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்துங்கள். செங்குத்தாக நிமிர்த்த வேண்டியதில்லை. எல்லா வேலையும் முடிந்து, வெளியே வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே திரும்ப மடக்குங்கள்.

விளக்குக்கு வெள்ளை எல்.இ.டி. வேண்டாம். அதற்கே 3 வோல்ட் அளவு தேவைப்படுவதால் மோட்டார் ஓடும்போது மங்கிவிடும். 2 வோல்ட்டில் எரியும் மஞ்சள் எல்.இ.டி. இரண்டை, தலா 100 ஓம் ரெசிஸ்டருடன் சுவிட்சுக்குப் பின்னால் இணையுங்கள். ஒயரை இருக்கும் துளைகள் வழியாகவே கொண்டுபோங்கள், புதுத் துளை எதுவும் போட வேண்டாம்.

கூடுதுறைவாசி (பவானி)

பெயிண்ட் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன், ஐயா. கொக்கியில் ஈயம் வைத்தபின் மூன்று ஜோடிகளும் ஒரே அளவு காட்டுகின்றன. இப்போது தள்ளிவிடாமலே கிளம்புகிறது. பின்சக்கரத்து ரப்பர் மட்டும் கல்லாக இறுகி வழுக்குகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

பல்சக்கரம் (கணபதி, கோவை)

பம்பு உதிரிபாகக் கடைகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சில்லறையாகக் கொடுப்பார்கள். சக்கரக் காடியின் விட்டத்தைவிட உள்விட்டம் சற்றே குறைவாகவும், காடியின் அகலத்துக்குப் பொருந்தும் தடிமனிலும் எடுத்து, பசையில்லாமல் இழுத்து மாட்டுங்கள். பழைய டயரை வெட்டி எடுக்க வேண்டாம். வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகும், முழுதாகக் கழற்றிக் காரோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.