தட்டட்டி வெயிலில் முகத்தில் மங்கு: தொழிலை விடாமல் என்ன செய்யலாம்?

கல்லிடை வத்தல்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே அப்பளம் என்பார்கள். நான் போடுவது கூழ்வத்தல், சுண்டவத்தல், மோர்மிளகாய். மாசியில் தொடங்கினால் வைகாசி முடிய தட்டட்டியிலேதான், அதாவது மொட்டைமாடியிலேதான் இருப்பு. விடியற்காலையில் கூழ் காய்ச்சி, ஆறரைக்குள் வெள்ளைவேட்டியை விரித்துப் பிழிந்துவிடுவேன். அப்புறம் காக்காய்க்குக் காவல், மத்தியானம் மிளகாயைப் புரட்டிப் போடுவது, சாயங்காலம் அள்ளுவது. ஏழு வருஷமாக இதுதான் சோறு போடுகிறது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. புளித்தண்ணீர் சிந்திக் காய்ந்த கறை மாதிரி இருக்கும். இப்போது மேலுதட்டுக்கு மேலேயும் வந்துவிட்டது. போன வருஷம் தெரிந்த ஒரு அக்கா சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் மங்கு கிரீம் என்று கேட்டு வாங்கினேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. கல்யாண வீட்டில் எல்லாரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நானும் விடாமல் போட்டேன், நாலு மாசம்.

இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து, மிளகாய் கிள்ளிய கையை வைத்த மாதிரி எரிகிறது. தாடை ஓரத்தில் பூனைமுடி முளைத்திருக்கிறது. கண்ணாடியில் பக்கத்தில் பார்த்தால் மூக்கோரம் சின்னச் சின்ன சிவப்பு நரம்பு தெரிகிறது. மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்துவிட்டது.

யாரைக் கேட்டாலும் வெயிலில் போகாதே என்கிறார்கள். வெயில் இல்லாமல் வத்தல் எப்படிக் காயும்? தொழிலையும் விடாமல் முகத்தையும் காப்பாற்ற வழி இருந்தால் சொல்லுங்கள். சன்ஸ்கிரீன் என்கிறார்களே, நம்மைப் போல் மாநிறத்துக்காரர்களுக்கு அது தேவையா? வியர்வையில் நிற்குமா?

பாளை சிஸ்டர்

தங்கச்சி, நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பதினோரு வருஷம் தோல் பிரிவு ஓபியில்தான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இதே கதையோடு வாரா வாரம் யாராவது வந்து உட்கார்வார்கள்.

முதலில் அந்த டியூப்பை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன், ஃபுளூவோசினோலோன் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மோமெட்டசோனோடு ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின் இரண்டும் சேர்த்து மூன்று மருந்துக் கலவையாகவும் வரும். டாக்டர் சில வாரத்துக்குக் கணக்காக எழுதிக் கொடுத்துப் பார்க்க வேண்டிய மருந்து அது, பவுடர் மாதிரி தினமும் பூசுகிற சாமான் இல்லை. தோல் மெலிந்துபோகும், ரத்தக்குழாய் தெரியும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். நீங்கள் சொன்ன நரம்பு, முடி, எரிச்சல் எல்லாம் அதுதான். நாலு மாசம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முகம் இன்னும் கொதிக்கும் என்பதால், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள்.

இனி வெயில். சூடும் தோலைக் கறுக்கவைக்கிற கதிரும் வேறு வேறு. சூடு உறைக்கும், புறஊதாக் கதிர் உறைக்காது. ஆனி ஆடியில் மேற்கே சாரல் பிடித்துக் காற்று சிலுசிலுவென்று அடிக்கும்போது வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், மேகத்துக்குள்ளேயும் அந்தக் கதிர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அக்கினி நட்சத்திரத்துக்கு மட்டும் பயந்தால் போதாது. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம். நம் ஊரில் ஏறக்குறைய ஒன்பதரையிலிருந்து மூன்று மூன்றரை வரை. பிழிவதும் அள்ளுவதும் அதற்கு வெளியேதான் வருகிறது, மத்தியானம் புரட்டுவதை மட்டும் மூன்றரைக்குத் தள்ள முடியுமா பாருங்கள்.

மாநிறத்துக்குத் தேவையா என்று கேட்டீர்கள். நமக்கு வெந்து உரிவது குறைவு, கறை பிடிப்பது அதிகம். பேறுகாலம், கருத்தடை மாத்திரை இதெல்லாம் மங்கைக் கிளப்பிவிடும், வெயில் அதை வளர்க்கும். அதனால் கட்டாயம் தேவை. டியூப்பில் எஸ்பிஎஃப் என்று ஒரு பாதுகாப்பு எண் போட்டிருக்கும், அது 30 இருந்தால் போதும். 30 என்பது சிவக்கவைக்கிற கதிரில் நூற்றுக்கு 97 பங்கைத் தடுக்கும், 50 என்பது 98. அந்த ஒரு பங்குக்காக அலைய வேண்டாம், கறுக்கவைக்கிற கதிரைத் தடுப்பதற்கான அடையாளமாக பிஏ போட்டுப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். மங்குக்கு ஒரு விசேஷம் உண்டு: கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே அதைக் கறுக்கவைக்கும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் போட்ட சன்ஸ்கிரீன். டாக்டரிடம் அதையே கேளுங்கள். முகம் எரிகிற இப்போது நீங்களாக எதையும் வாங்கிப் பூச வேண்டாம்.

அளவில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் ஒன்றும் ஆகாது. மாடிக்குப் போகக் கால் மணி நேரம் முன்னால் பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசுங்கள். வியர்த்தால் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு மட்டும் வெயிலில் நிற்காதீர்கள், சாறு பட்ட இடமெல்லாம் வெந்து கறுத்துப்போகும்.

தேரிக்காடு

அக்கா, நான் திசையன்விளைப் பக்கம். அப்பா பனையேறி. விடிவதற்குள் ஏறி இறங்கி, மறுபடி வெயில் தாழ்ந்துதான் மரத்துக்குப் போவார். இடைப்பட்ட நேரம் வீட்டுத் திண்ணையில் நார் உரிப்பார். பதநீர் இறக்குவதற்காக வந்த பழக்கம், உடம்புக்கும் நல்லதாக இருக்கிறது.

அம்மாவுக்குத் தேரியில் வேலை. செம்மணலில் பட்டு வெளிச்சம் கீழேயிருந்தும் அடிக்கும், அதனால் குடை பிடித்தாலும் தாடைக்கு அடியில் கறுக்கும். உங்களுக்கு வெள்ளைவேட்டியும் தட்டட்டித் தரையும் அப்படித்தானே? அம்மா, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, துண்டை முகத்தைச் சுற்றிக் கண் மட்டும் தெரியக் கட்டுவாள். துணி எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். சூரியன் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அது வேண்டாம். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணிதான் நல்லது. நனைந்து ஒட்டிக்கொண்ட வெள்ளைத் துணி அவ்வளவாகத் தடுக்காது.

அம்பை மருமகள்

நானும் வத்தல் போடுகிறவள்தான் தங்கச்சி, அம்பாசமுத்திரத்தில். காக்காய்க்கு நீங்கள் காவல் இருக்க வேண்டாம். வேட்டியின் நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கறுப்புத்துணிக் கிழிசலைக் கட்டிப் பறக்கவிடுங்கள். என் மாமியார் கறுப்புக் குடையை விரித்து வத்தலுக்கு நடுவில் வைப்பார்கள், அதற்கும் காக்காய் அண்டாது. இடையிடையே மாடிப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். காக்காய்க்கு அது பழகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், இரண்டு நாளுக்கொரு தடவை துணியின் இடத்தை மாற்றுங்கள்.

கல்லிடை வத்தல்காரி

எல்லாரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. சிஸ்டர், டியூப்பின் எழுத்து பொடியாக இருந்ததால் மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். மோமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், மூன்றும் இருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டு வயசு. தானும் இரண்டு தடவை எடுத்துப் பூசினேன் என்று அப்போதுதான் சொன்னாள். எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. முகத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை ஹைகிரவுண்டுக்குப் போகிறேன், அவளையும் கூட்டிக்கொண்டு போகவா?

காலையில் கம்பு நட்டுக் கறுப்புத்துணி கட்டிவிட்டேன். இவருடைய பழைய நீலச் சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், பொட்டுத் தெரியவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் இன்றைக்குப் பிழிந்தேன்.

பாளை சிஸ்டர்

இரண்டு தடவை பூசியதில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, இருந்தாலும் கூட்டிக்கொண்டே போங்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், அம்மா முகம் வெளுத்ததைப் பார்த்துத்தானே அதுவும் பூசியது. டியூப்பை இனி அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திங்கட்கிழமை கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.