புதுப்பிப்பு: மேன்முறையீட்டு நாள்கணக்கு விளங்கிவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேன்: இலங்கையில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாளா, 60 நாளா? பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

இரண்டுமேதான். 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு. நான் ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்று நினைத்துக் குழம்பியிருந்தேன்.

நேற்று வவுனியாவில் ஒரு சட்டத்தரணி அக்கா மேசை நாட்காட்டியை எடுத்து வைத்தே விளக்கினா. தீர்ப்பு நாளை வெட்டினா. பிறகு ஞாயிறுகளையும் போயா (பௌர்ணமி) விடுமுறையையும் சிவப்புப் பேனையால் வெட்டி, மிச்சத்தை என்னையே எண்ணச் சொன்னா. ஞாயிறு, விடுமுறைக் கழிவு 14 நாளுக்கு மட்டும்தான். "60க்கு ஞாயிறும் ஓடும் தங்கச்சி, அதிலதான் கனபேர் விழுறது" என்றா.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 754, 755ஆம் பிரிவுகளைச் சேர்த்தே வாசியுங்கள். தனித்தனியாக வாசித்ததுதான் என் பிழை. வன்னியில் காணி வழக்கோடு வருடக்கணக்காக அலையும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் பிந்தி அவர்களின் மேன்முறையீடு தள்ளுபடியாவதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

எழுவினாக்கள் (வழக்கில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) பற்றிய என் சந்தேகம் இன்னும் மிச்சம். அடுத்த கிழமை எழுதுகிறேன்.