வயித்துப் புத்துநோய்: சின்ன வயசுன்னா வேகமாப் பரவுமா? உங்க வீட்டு அனுபவம் சொல்லுங்க

தேனிக்காரி:
தங்கச்சிக்கு 31. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிரும். கேஸ்தான்னு மெடிக்கல்ல பான்டாப்ரசோல் வாங்கிப் போட்டுட்டிருந்தா. வயிறு வீங்கவும் ஸ்கேன் எடுத்தோம், ரெண்டு சினைப்பையிலயும் கட்டி. மகளிர் டாக்டரம்மா படத்தைப் பார்த்துட்டே, "எண்டோஸ்கோப்பி எடுத்தீங்களா?"ன்னாங்க. சினைப்பைக் கட்டிக்கு எதுக்கு இரைப்பையைக் கேக்கிறாங்கன்னு முழிச்சோம். "தொண்டையில குழாய் விடணுமாக்கா?"ன்னு என் கையைப் பிடிச்சா. பயாப்ஸில சிக்னெட் ரிங் செல்னு ஒரு வகைப் புத்து செல். இரைப்பையில இருந்துதான் சினைப்பைக்குப் போயிருக்கு, க்ருக்கன்பெர்க் கட்டியாம்.

விருதை ராசா:
வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லங்க. எங்கப்பாவுக்கு 74. தார் மாதிரி மலம் போச்சு, ஹீமோகுளோபின் 6. இரைப்பையோட கீழ்ப்பக்கம் கட்டி, அதுக்குள்ள ஈரலுக்கும் போயிருச்சு. "வயசானவங்களுக்கு மெதுவாத்தான் வளரும்"னு தேத்தின சித்தப்பாதான் கொள்ளி வைக்கும்போது பக்கத்துல நின்னாரு. சும்மா சின்ன வயசுக்காரங்களைப் பயமுறுத்தாதீங்க.

ஸ்கோப் ரூம் சிஸ்டர்:
ராசா சார், சம்பந்தம் இல்லாம இல்ல. 1965லயே லாரன்னு ஒருத்தர் இதை ரெண்டா பிரிச்சாரு. உங்கப்பாவுக்கு குடல் வகையா இருக்கலாம் (பேருதான் குடல், வர்றது இரைப்பையிலதான்): எச். பைலோரி கிருமியால பல வருஷம் புண்ணாகி வர்றது, வயசானவங்ககிட்ட அதிகம், ரத்தம் வழியா ஈரலுக்குப் போகும். தேனிக்காரி தங்கச்சிக்கு வந்தது பரவல் வகை. சின்ன வயசுல, முக்கியமா பொண்ணுங்ககிட்ட, இதோட பங்கு கூடுதல். செல்லு ஒன்னோட ஒன்னு ஒட்டாது, கட்டியாத் திரளாம இரைப்பைச் சுவருக்குள்ளயே ஊடுருவி, வயித்துக்குள்ள உறுப்புங்களை மூடியிருக்கிற உறைக்கும் சினைப்பைக்கும் போயிரும். சிடி ஸ்கேன்ல சின்னப் பரவல் தெரியாது, அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி லேப்ராஸ்கோப்பி, அதாவது வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா வச்சுப் பார்க்கிறது. ஆனா ஒரே ஸ்டேஜ்ல ரெண்டு வயசையும் வச்சுப் பார்த்தா இளவயசுதான் மோசம்னு சொல்லிற முடியாது. கீமோவைத் தாங்குற உடம்பு அவங்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு லேட்டா வர்றதுதான் வினை.
எங்ககிட்ட 26 வயசுப் பையன் வந்தான். ஸ்கோப் வழியா காத்து ஏத்துறோம், இரைப்பை விரியவே இல்ல, சுவர் பூரா புத்து ஊடுருவி இறுகிப் போச்சு. டாக்டர் ஒரு வார்த்தை பேசல. பையன் கண்ணு மட்டும் என்னையே பார்த்துச்சு.
எல்லாரும் கருவாடு, ஊறுகாயைக் குறைங்க. சிகரெட்டை விடுங்க. எச். பைலோரி இருந்தா மாத்திரையை முழுக் கோர்ஸும் போடுங்க. 50க்குள்ள பரவல் வகை வந்த வீட்டுல சிடிஎச்1 ஜீன் டெஸ்ட் பத்திக் கேளுங்க, அந்த ஜீன்ல கோளாறு இருந்தா இது குடும்பத்துல வழிவழியா வரலாம்.

விருதை ராசா:
எங்கப்பா பீடி கூடத் தொட்டதில்ல சிஸ்டர். கேட்டது அனுபவம், கிளாஸ் இல்ல.

தேனிக்காரி:
நாங்க சுத்த சைவம், கருவாடு எங்க வந்துச்சு? அந்த ஜீன் டெஸ்டை முதல்ல தங்கச்சிக்கு எடுக்கணுமா, எனக்கா? எனக்கும் நெஞ்செரிச்சல் இருக்கு.