மோஷன் கேப்சர் அசைவைக் கார்ட்டூன் ஆக்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு பாட்டி கதாபாத்திரம் செய்துகொண்டிருக்கிறேன். பெரிய தலை, குட்டைக் கால்கள். திண்ணையிலிருந்து முழங்காலில் கையூன்றி எழுந்து பூனையைத் துரத்தும் காட்சிக்கு என் அக்காவை நடிக்க வைத்து மோஷன் கேப்சர் (நடிப்பவரின் உடலசைவைக் கணினியில் பதிவது) எடுத்தேன். அருமையாக நடித்தாள். ஆனால் அந்த அசைவைப் பாட்டிக்கு ஏற்றியதும், பொம்மை வேடத்துக்குள் ஆள் நடப்பது போல இருக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ (அந்த ஃபிரேமில் உடல் இருக்கும் நிலையின் பதிவு) இருப்பதால் திருத்தக் கை வைக்கவே இடமில்லை. கீகளைக் குறைத்தேன், ஊன்றிய பாதம் வழுக்கியது. பிறகு, 2006 சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் வெளியான கார்ட்டூன் அனிமேஷன் ஃபில்டரை முயன்றேன். அசைவிலிருந்து, மென்மையாக்கிய அதன் முடுக்கத்தைக் கழிப்பதுதான் அதன் கணக்கு. பாய்வதற்கு முன் உடல் தானாகவே சற்றுப் பின்வாங்குகிறது, நிற்கும்போது கொஞ்சம் மிஞ்சிப் போய்த் திரும்புகிறது. அவ்வளவு அழகு! ஆனால் முழங்காலில் ஊன்றிய கை விலகிவிடுகிறது.

இடுப்புக்கும் முதுகுக்கும் மட்டும் ஃபில்டரைக் கொடுத்து, கை கால்களை ஐகே (கையோ பாதமோ இருக்க வேண்டிய இடத்தை வைத்து மூட்டுகளின் வளைவைக் கணக்கிடும் முறை) மூலம் பூட்டினால் சரிவருமா? அல்லது முக்கிய நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடையசைவுகளைக் கையால் செய்வதா? எழும்போது அக்கா காட்டிய அந்த ஒரு நொடித் தயக்கத்தை இழக்க மட்டும் மனமில்லை. செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.