யாருக்கும் இல்லாத பேரு, எல்லார் வீட்லயும்

பிறை அப்பா

பிள்ளைக்கு யாருக்கும் இல்லாத பேரா வைக்கணும்னு தேடித் தேடி வச்சு, அப்புறம் போற இடமெல்லாம் அதே பேரைக் கேட்டவங்க இங்க வந்து உங்க கதையைச் சொல்லுங்க. முதல்ல என் கதை, மலேசியா பினாங்குல பிறைங்கிற ஊர்லேர்ந்து.

மகள் கேட்டை நட்சத்திரம். கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த எழுத்து நோ, யா, யி, யு. நோவுல யார் பேர் வைப்பா? யி, யு ரெண்டுக்கும் யுவராணி, யுவஸ்ரீ தாண்டி எங்களுக்கு எதுவும் தோணல. ஆக, யா. வீட்டுக்காரி ஒரு நிபந்தனை போட்டாங்க: நல்ல தமிழ்ப் பேரா இருக்கணும், கடைசில ஷினி வரக்கூடாது. அவங்க வேலை செய்யிற பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைல ஒரு லைன்ல பாதிப் பேரு தர்ஷினி, பிரியதர்ஷினி, ஹர்ஷினி. எங்கம்மா, கூப்பிட மூணு எழுத்துக்கு மேல போகக் கூடாதுன்னாங்க. எல்லாத்தையும் சலிச்சு எடுத்தா மிஞ்சினது யாழினி.

எங்க சொந்தத்துல அப்படி ஒரு பேரே கிடையாது. லெட்சுமி, பிரேமா, விமலா, அப்புறம் நேரா தர்ஷினி, அவ்வளவுதான் எங்க பரம்பரை.

இதுல மாமனார் எண்கணிதம் பார்க்கிறவரு. ஒய் 1, ஏ 1, இசட் 7, எச் 5, ஐ 1, என் 5, ஐ 1, ஆக மொத்தம் 21, கூட்டினா 3. பிள்ளை பிறந்த தேதிக்கு 5தான் சேரும்னு சொல்லிட்டாரு. ஒரு ஏ கூடச் சேர்த்தா 22, அதாவது 4. அது ராகு, வேண்டவே வேண்டாம். கடைசில இன்னொரு ஒய் போட்டா 23, அதாவது 5. புதன். ஆக ஒய் ஏ ஏ இசட் எச் ஐ என் ஐ ஒய். முகநூல்ல அந்த எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். ஒரு ஆள் இல்ல. உலகத்துலேயே ஒரே யாழினி நம்ம வீட்டுலதான்னு நெனச்சு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுப் பேர் வச்சு, 60 நாள் கெடுவுக்கு முன்னாடியே பதிவிலாகாவுல பதிஞ்சாச்சு.

ஒம்பதாம் மாசத் தடுப்பூசிக்கு கிளினிக் போனோம். மலாய்த் தாதி கதவைத் திறந்து “யாலினி!”ன்னு ஒரு சத்தம். நாங்க எழுந்தோம். பக்கத்து வரிசைல ஒரு அம்மா எழுந்தாங்க. தண்ணி மெஷின் கிட்ட நின்ன ஒரு தம்பி பிள்ளையைத் தோள்ல மாத்திப் போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. தாதிக்குச் சிரிப்பு தாங்கல. “ஏ/பி யாரு?”ன்னு, அதாவது யாரோட மகள்னு, அப்பா பேரைக் கேட்டாங்க. நானும் குமார், அந்தத் தம்பியும் குமார்! நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லையே, அப்பன் பேருதான் வாலு. கடைசில மைகிட், அதான் பிள்ளைங்க அடையாள அட்டை, அந்த நம்பரைப் பார்த்துதான் பிரிச்சாங்க. அதுலயும் நடுவுல வர்ற 07 ரெண்டு பேருக்கும் ஒண்ணு, பினாங்குப் பிள்ளைங்களாச்சே. பிறந்த தேதி வேற வேறயா இருந்ததால பிழைச்சோம்.

அந்தத் தம்பி எழுதுறது ஒய் ஏ எல். அந்த அம்மா இசட் எச் போட்டு, என் ரெண்டு தடவை போடுறாங்க. முகநூல்ல எனக்கு யாரும் ஏன் கிடைக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சது. வாயால கூப்பிட்டா எல்லாம் ஒரே பேரு.

அந்தத் தம்பிகிட்ட கேட்டேன், பாப்பா என்ன நட்சத்திரம்னு. கேட்டை.

ஆயர் ஈத்தாம் அக்கா

ஐயோ அண்ணே, சிரிச்சு முடியல. எங்க வீட்டுல இனியன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்துல நிக்கிறோம். மைக்ல “இனியன் என்ற சிறுவன் இங்கே இருக்கிறான், பெற்றோர் உடனே வரவும்”னு அறிவிப்பு. நான் இனியன் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் நிக்கிறேன். இருந்தும் அடிவயிறு கலங்கிடுச்சு, குனிஞ்சு இது நம்ம பிள்ளைதானான்னு முகத்தைப் பார்த்தேன். எதிர்ல தண்ணீர்ப் பந்தல்ல மோர் ஊத்திக்கிட்டிருந்த ஒரு அக்காவும் அதே மாதிரி குனிஞ்சு பார்க்கிறாங்க! ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, “உங்களுதும் இனியனா?” காணாமப் போனது மூணாவது இனியன். பிள்ளை பத்திரமா அப்பா கிட்ட போயிட்டான்.

மோர் நல்லாருந்துச்சு.

பட்டர்வொர்த் டீச்சர்

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

வருகைப் பதிவேட்டை வைத்தே பிள்ளைகள் எந்தக் காலத்தில் பிறந்தவர்கள் என்று என்னால் சொல்ல முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் நேஷ், வின், ஷினி. அப்பா பேரில் பாதி, அம்மா பேரில் பாதி எடுத்து ஒட்டி, “இது நாங்களே உருவாக்கிய பெயர், டீச்சர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். கவிதாவும் நேசனும் சேர்ந்தால் கவினேஷ். நியாயம்தான். அடுத்த வீட்டுக் கவிதாவும் கணேஷும் சேர்ந்தாலும் கவினேஷ்தானே? அதை யாரும் யோசிப்பதில்லை. இப்போது அலை மாறிவிட்டது. யாழினி, இனியன், நிலா, ஆதிரை, மகிழன். தனித்தமிழ்ப் பெயர்களைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முந்தைய அலையிலிருந்து தப்பிப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறோம்.

பிறை அப்பா கேட்டை என்று முடித்துவிட்டார், கணக்கை நான் சொல்கிறேன். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. அதில் ங, ண, ட என்று பெயரே தொடங்க முடியாதவை வேறு இருக்கின்றன. ஒரே நட்சத்திரத்துப் பெற்றோர் எல்லோருக்கும் கையில் இருப்பது அதே நான்கு எழுத்து. எல்லோரும் முதலில் தள்ளிவிடுவது அதே நோவை. மிச்சம் இருப்பதில் தமிழாக, சின்னதாக, பெண்பிள்ளைக்கு இனிமையாக ஒன்று என்று கேட்டால் யாழினியைத் தவிர வேறு எங்கே போய் நிற்பீர்கள்? தனித்தனியாகத் தேடினாலும் வழி ஒன்றுதான்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். பள்ளிகளுக்கிடையே திருக்குறள் போட்டி நடக்கும்போது பெயர் வாசிப்பவர் படும் பாட்டை வந்து பாருங்கள்.

லெபோ சூலியா கடைக்காரர்

எங்க ஆளுங்களுக்கு நட்சத்திரம், எண் எதுவும் கிடையாது. அதனால தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க.

மகன் நோன்பு மாசத்துல பிறந்தான். ஆம்பளப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு முன்னாடி முஹம்மது இருக்கும், அதனால ரெண்டாவது பேருதான் ஆளை அடையாளம் காட்டும். நோன்பாளிகள் நுழையிற சொர்க்க வாசல் பேரு ரய்யான். நோன்புல பிறந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பேரு உண்டா? அப்படித்தான் வச்சேன். என் தங்கச்சி வீட்டுக்காரர்கூட “மச்சான், எங்க பிடிச்சீங்க இந்தப் பேரை”ன்னு கேட்டாரு.

தாடிக்காவுல, அதான் பாலர் பள்ளில, சேர்க்கப் போனா ரய்யான் அங்கயும் இங்கயும். நம்ம பிள்ளைங்க மட்டும் இல்ல, மலாய்ப் பிள்ளைங்கதான் அதிகம். விசாரிச்சா எல்லாம் நோன்புல பிறந்ததுங்க! தமிழ் முஸ்லிம்களை இங்க மாமாக்னு சொல்வாங்க, அதனால இப்ப வகுப்புல அவன் பேரு ரய்யான் மாமாக். அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் இல்ல.

செந்தூல் தம்பி

கோலாலம்பூர்லயும் அதே கதைதான். என் மகன் ருத்ரன். ஃபிளாட்ல ஒரே மாடில மூணு ருத்ரன். சத்தம் போட்டுக் கூப்பிட்டா மூணுமே வராது. அதான் வசதியா எடுத்துக்கிட்டானுங்க.

குளுகோர் அம்மா

என் தங்கச்சி அமெரிக்காவுல இருக்கா. அங்க சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் வருஷா வருஷம் எந்தப் பேரு எத்தனை பிள்ளைங்களுக்கு வச்சாங்கன்னு பட்டியல் போடுது. 1880லேர்ந்து பார்க்கலாம். அஞ்சு பேருக்குக் குறைவா வச்ச பேரை மட்டும் வெளியிட மாட்டாங்க. நமக்கும் இப்படி ஒண்ணு கைல இருந்தா கிளினிக்ல இந்தக் கூத்து நடக்காதேன்னு தோணும்.

ஆனா அதைப் பார்த்தும் அவ மாட்டிக்கிட்டா, அதைத்தான் சொல்ல வந்தேன். நம்ம பேராவும் இருக்கணும், வெள்ளைக்காரன் வாயிலயும் நுழையணும்னு மாயான்னு வச்சா. அங்க அது முதல் நூறுக்குள்ள நிக்கிற பேரு. “அது அவங்க ஊர் மாயா, நம்மது நம்ம சாமி பேருதானே”ன்னு சமாதானம் சொல்லிக்கிட்டா. பாலர் பள்ளில ஒரு மெக்சிகோப் பிள்ளை மாயா, ஒரு யூதப் பிள்ளை மாயா, இவ மாயா. இன்னொண்ணு, அந்தப் பட்டியல்ல ஒரே பேரை வேற எழுத்துக்கூட்டல்ல எழுதினா தனிப் பேராத்தான் கணக்கு. எல்லாத்தையும் கூட்டினா எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பிறை அண்ணன் மாமனார் ஒய் சேர்த்த கதைதான் அங்கயும்.

பிறை அப்பா

டீச்சர் சொன்னதை வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். “அப்ப நோவுல வச்சிருக்கணும்”னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. மாமனார் இன்னும் 23தான் காப்பாத்துதுங்கிறாரு.

ஒண்ணு சொல்லணும். மத்த ரெண்டு யாழினி வீட்டுக்காரங்களும் இப்ப எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. பிறந்தநாள் தேதியும் பக்கம் பக்கம். அடுத்த தடவை ஒரே கேக் வெட்டலாம், பேரு ஒரு தடவை எழுதினாப் போதும்.

ஜெலுத்தோங் தாத்தா

நீங்கல்லாம் இதைப் புதுசுன்னு நெனைக்கிறீங்க. நான் கெடா பக்கம் தோட்டத்துல வளந்தவன். அந்தக் காலத்துல வேற யாருக்கும் இல்லாத பேரு வேணும்னு எவனும் கேட்கல. குலசாமி பேரு, இல்லாட்டி தாத்தா பேரு, முடிஞ்சது. எழுதுறது கிராணி, அதான் தோட்டத்துக் குமாஸ்தா. அவருக்கு எப்படிக் காதுல விழுந்துச்சோ அப்படித்தான் பிறப்புப் பத்திரத்துல இருக்கும். கூடப் பிறந்த ரெண்டு பேருக்கு அப்பன் பேரு ரெண்டு விதமா எழுதியிருக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

எங்க லயத்துல மட்டும் எத்தனை முனியாண்டிங்கிறீங்க? குழப்பம் வந்ததே இல்ல. மாட்டுக்கார முனியாண்டி, ஸ்டோர் முனியாண்டி, கடைசி வீட்டு முனியாண்டி, தப்பு முனியாண்டி. தப்பு முனியாண்டி தப்பு ஒண்ணும் பண்ணல, திருவிழாவுல தப்பு அடிப்பான். சம்பளத்தன்னிக்கு கங்காணி அப்படித்தான் கூப்பிடுவாரு, கூப்பிட்ட ஆள்தான் போவான். இப்ப கிளினிக்ல நம்பர் பார்த்துப் பிரிக்கிறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாய் மகனுக்கு வகுப்புல வச்ச பேரு இருக்கே, ரய்யான் மாமாக், அது எங்க தோட்டத்து முறை.

உங்களுக்கு நெஜமாவே யாருக்கும் இல்லாத பேரு வேணுமா? காத்தாயி, வீராயி, பச்சையம்மா, அஞ்சலைன்னு வைங்க. ஒரு தாடிக்காவுலயும் ரெண்டாவது ஆள் கிடையாது. எண்கணிதமும் வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா

தாத்தா, எனக்கு ரெண்டாவது இப்ப ஏழு மாசம், பொம்பளப் பிள்ளைன்னு மனசு சொல்லுது. அஞ்சலை கூப்பிட எவ்வளவு அழகா இருக்கு! வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவருக்கும் சம்மதம்.

ஜெலுத்தோங் தாத்தா

அப்புறம் என்னம்மா, வச்சிட வேண்டியதுதானே. மாமியார் ஒத்துக்க மாட்டாங்களா?

ஆயர் ஈத்தாம் அக்கா

அவங்களுக்கு ஒரே சந்தோஷம் தாத்தா. அவங்க பேரே அஞ்சலைதான். நாளைக்குப் பிள்ளை குறும்பு பண்ணா நான் எப்படிப் பேரைச் சொல்லித் திட்டுறது?