தோட்டத்தில எடுத்த கறுப்புக் கல்லு விண்கல்லோ எண்டு எப்பிடிச் சரியாக் கண்டுபிடிக்கிறது?

உரும்பிராய்ப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா வெங்காயத்துக்குத் தறை கொத்தேக்க ஒரு கறுப்புக் கல்லு எடுத்தவர், உள்ளங்கைக்குள்ள அடங்கும் ஆனா தூக்கினா நல்ல பாரம், காந்தம் கிட்டக் கொண்டுபோகவே டக்கெண்டு ஒட்டுது. எங்கட பக்கம் செம்மண்ணும் கீழ சுண்ணாம்புக் கல்லும்தானே, இது எங்கயிருந்து வந்தது எண்டு விளங்கேல்ல. சமதானி (ஐசோடோப்பு, ஒரே மூலகத்தில நிறை மட்டும் வேறான அணுக்கள்) பாத்தால்தான் உறுதியாத் தெரியும் எண்டு யூடியூப்பில சொல்லினம், அது என்னத்தைப் பாக்கிறது? ஏஎல் கெமிஸ்ட்ரி படிச்சனான், கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்கோ.

சுன்னாகம் அக்கா:
தம்பி, பழைய கொல்லன் பட்டறை இருந்த இடங்களில இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கேக்க மிஞ்சிற கழிவு) இப்பிடித்தான் கறுப்பாப் பாரமாக் கிடக்கும், அதுவும் காந்தத்தில ஒட்டும். உடைஞ்ச பக்கத்தை லென்ஸால பாருங்கோ, காத்துக்குமிழ் மாதிரி ஓட்டை கனக்க இருந்தா அநேகமாக் கிட்டம்தான். விண்கல்லில அப்பிடி ஓட்டை இருக்கிறது மிச்சம் அரிது.

உரும்பிராய்ப் பெடியன்:
ஓட்டை இல்லை அக்கா. வெளியில கறுப்பா ஒரு மெல்லிய தோல், ஒரு மூலை உடைஞ்ச இடத்தில உள்ளுக்கு சாம்பல் நிறம், மினுங்கிற பொட்டுகளும் இருக்கு.

ஐசோடோப்பு அண்ணை:
தம்பி முதல்ல அந்தக் காந்தத்தை விலத்தி வையுங்கோ. கல்லு உருவான காலத்துக் காந்தப் பதிவு உள்ளுக்கு இருக்கலாம், நாங்கள் ஒருக்கா காந்தம் வைச்சாலே அது அழிஞ்சுபோம். கழுவவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லுறதைக் கேக்க ஆசையாத்தான் இருக்கு, ஆனா தோற்றத்தை வைச்சு ஒருத்தரும் முடிவு சொல்லேலாது. அந்த மினுங்கிற பொட்டு உலோகமெண்டா அதில நிக்கல் இருக்கோ எண்டு பாக்கவேணும், விண்கல் இரும்பில கிட்டத்தட்ட 5 வீதத்துக்கு மேல நிக்கல் கலந்திருக்கும், கொல்லன் பட்டறை இரும்பில அப்பிடி இராது.

அடுத்தது ஒட்சிசன். 16, 17, 18 எண்டு மூண்டு சமதானி இருக்குத்தானே. பூமியில தண்ணி ஆவியானாலும் பாறை உருகி இறுகினாலும் 18 இன்ரை பங்கு எவ்வளவு மாறுதோ அதில ஏறக்குறைய பாதியளவுதான் 17 மாறும், அதால கிராஃப் போட்டா பூமிச் சாமான் எல்லாம் ஒரே கோட்டில வந்து விழும். செவ்வாய்க் கல்லு, வெஸ்டா எண்ட சிறுகோளில இருந்து வந்ததெண்டு நம்புற கல்லு, சாதாரண கொண்ட்ரைட் எண்ட விண்கல் வகை, ஒவ்வொண்டும் அந்தக் கோட்டை விட்டு விலகித் தன்ரை இடத்தில நிக்கும். இதை 1973ல கிளேட்டன் எண்ட விஞ்ஞானியின்ரை ஆக்கள் கண்டுபிடிச்சவை, 1969ல மெக்சிகோவில விழுந்த அயெண்டே விண்கல்லில வெள்ளைப் பொட்டுகள் இருக்கு, அதுகளில ஒட்சிசன்-16 வழமைக்கு மாறாக் கூட. அந்த மாதிரிப் பொட்டுகளின்ரை வயசு ஈயச் சமதானியால பாத்தா 456.7 கோடி வருசம், சூரியக் குடும்பத்திலயே உருவாகி நாங்கள் வயசு அளந்த திண்மங்களில அதுதான் ஆகப் பழசு. எனக்கு இண்டைக்கும் அதை நினைக்க மேல் சிலிர்க்கும்.

சோதனைக்கு ஒண்டு ரெண்டு மில்லிகிராம் தூள் காணும். புளோரின் சேர்வை ஒண்டுக்குள்ள வைச்சு லேசரால சூடாக்க ஒட்சிசன் வாயு கழண்டு வரும், அதைச் சுத்தமாக்கி மாஸ் ஸ்பெக்குக்கு (அணுக்களை நிறைப்படி பிரிச்சு அளக்கிற கருவி) விடுவினம். ஆனா ஒண்டு, சந்திரன் கல்லும் என்ஸ்டடைட் கொண்ட்ரைட் எண்ட விண்கல் வகையும் பூமிக் கோட்டிலயே விழும், அதால ஒட்சிசனை மட்டும் நம்பேலாது, கனிமங்களையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்.

சுன்னாகம் அக்கா:
2012 கடைசியில பொலன்னறுவையில விழுந்ததெண்டு சொன்ன கல்லும் சரியாப் பாக்காமல் சொன்ன கதைதானே அண்ணை? உள்ளுக்கு டயட்டம் பாசி இருக்கெண்டு பெரிய கதையாப் போச்சு, பிறகு துறை ஆக்கள் கனபேர் அது விண்கல்லே இல்லை எண்டிட்டினம்.

ஐசோடோப்பு அண்ணை:
ஓம் தங்கச்சி, அதாலதான் ஒழுங்கா ஆய்வு செய்யாமல் ஊருக்குச் சொல்லக்கூடாது. ஆனா எங்கட பக்கம் விழவே இல்லை எண்டும் இல்லை, 1795ல முல்லைத்தீவில விழுந்த கல்லு சர்வதேசப் பட்டியலிலயே இருக்கு. தம்பி, கல்லைச் சுத்தமான அலுமினியப் பேப்பரில சுத்தி ஈரம் படாமல் வைச்சு, எடுத்த இடத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையில கேட்டுப்பாருங்கோ. விண்கல்லெண்டு உறுதியாகிப் பேர் பதியிறதெண்டா 20 கிராம் அல்லது மொத்தத்தில 20 வீதம், எது குறைவோ அதை ஒரு நிறுவனத்திட்டக் குடுத்து வைக்கவேணும், மிச்சம் உங்களிட்டத்தான். உடைச்சுப் பாக்கச் சொல்லி ஆராவது கேட்டா விடாதேங்கோ.